அறுபத்திரண்டு கிலோ

ஜெராக்ஸ்காரர் வீட்டு ஜன்னலோரம் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் எந்த நேரம் போய்ப் பார்த்தாலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் யாராக இருந்தாலும் எடை அறுபத்திரண்டு கிலோ இருக்கும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வாரம் தெருமுனையில் தண்ணீர்க் குழாய் வேறு உடைந்திருந்தது, அதனால் ஆச்சரியத்துக்கு ஒதுக்க யாரிடமும் அதிக நேரம் இல்லை.

ஜெராக்ஸ்காரர் என்று தெருவே கூப்பிட்டாலும் அவர் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க ஆள் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஊரிலிருந்த அத்தனை சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் செல்போனுக்குள் குடிபோய்விட்டன. இரண்டு மெஷின்களில் ஒன்றை விற்றுவிட்டு, மற்றதன் மேல் துணியைப் போர்த்தி, அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், செல்போன் தன்பாட்டுக்கு ஒரு வீடியோவை ஓட்டியது. காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண், தீப்பெட்டி அளவில் ஒரு மின்னணுப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, "நண்பர்களே, நாம என்ன சொல்றோமோ அதை இது அப்படியே செய்யும்" என்றாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஜெராக்ஸ்காரருக்கு, தன் வாழ்க்கையில் அப்படி எதுவும் இதுவரை வாய்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரமே பலகையை வரவழைத்துவிட்டார்.

காலமெல்லாம் அடுத்தவர் தாளைப் பிரதி எடுத்துப் பிழைத்தவர் புரோகிராமிங்கையும் அதே முறையில்தான் கற்றார். இணையத்தில் யார் எழுதிய புரோகிராமாக இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினார். எழுதியவன் பிழை விட்டிருந்தால் பிழையையும் சேர்த்துத் தட்டினார். அவன் தனக்குத்தானே ஏதாவது குறிப்பு எழுதி வைத்திருந்தால் அதையும் விடவில்லை. மூலத்தில் இருப்பதைத் திருத்துவது பிரதி எடுப்பவன் வேலையில்லை என்பது அவருடைய தொழில் தர்மம். ஹெட்போன் பெண் நடுவில் தும்மினால் அந்த இடத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டார். இப்படிக் கற்றவன் உருப்பட்டதில்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும், ஆனால் அவர் கற்றுக்கொண்டார். ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக அன்னம் தண்ணி இல்லாமல் தேடி, கண்டுபிடித்ததும் கடையில் தனியாக எழுந்து நின்று கைதட்டினார். பலகையில் சிவப்பு விளக்கு முதல்முதலாகக் கண் சிமிட்டியபோது மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஈரக் கையோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"சரி. அணைக்கத் தெரியுமா?"

அதற்கான வீடியோவை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எந்த டாக்டர் எப்படிக் கிறுக்கினாலும் படித்துவிடுவாள் என்பதால் கடையில் அவளுக்கு நல்ல மரியாதை. வீட்டில் பேசுவது அவள் பொறுப்பு, 'ம்' கொட்டுவது அவர் பொறுப்பு என்று கல்யாணமான நாளிலிருந்தே வேலை பிரிந்திருந்தது. விளக்கு சிமிட்ட ஆரம்பித்த பிறகு அந்த 'ம்'மும் நின்றுவிட்டது. வீட்டில் சென்சார்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. வாசல் கதவில், தண்ணீர்த் தொட்டியில், அடுப்புக்கு மேலே, பூந்தொட்டி மண்ணில், குளியலறைச் சுவரில், ஃபிரிட்ஜ் கதவில் என்று கண்ட இடமெல்லாம் ஒயர் தொங்கியது. எல்லாம் வைஃபையில் சேர்ந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை வீட்டு நிலவரத்தை இணையத்தில் ஒரு பக்கத்தில் போட்டன. அந்தப் பக்கத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்று எந்த வீடியோவும் சொல்லாததால் அவர் பூட்டவில்லை. தொட்டி நிறைந்தபோதெல்லாம் கண்காணாத தேசத்தில் யாரோ ஒருவர் அதற்கு லைக் போட்டார். அந்த வீட்டு அம்மாள் எவ்வளவு நேரம் குளிக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். மனைவி சாப்பிட்டாளா என்று ஜெராக்ஸ்காரர் கேட்பதை விட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் எத்தனை தடவை திறந்தது என்று பார்த்துக்கொண்டார். அவள் வாயால் சொல்லி அவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்றுதான். தினமும் காலையில் எடை மெஷினில் ஏறி நின்று, யார் மேலோ பழி போடுகிற மாதிரி, "அறுபத்திரண்டு!" என்று கத்துவாள். அது எண்ணாக இருந்ததால் அவர் மனதில் தங்கிவிட்டது.

ஒருநாள் மருந்துக்கடை முதலாளி, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவளைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தது வேறொருத்தி, திட்டு வாங்கியது இவள். வீட்டுக்கு வந்தவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஃபிரிட்ஜைத் திறந்து, அந்தக் குளிர்ச்சியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிப்பதற்குள் அவள் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. ஃபிரிட்ஜ் கதவு அதிக நேரம் திறந்திருக்கிறது என்று செய்தி வந்திருந்தது. பக்கத்து அறையிலிருந்து ஜெராக்ஸ்காரர் சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்.

"வந்துச்சா? வந்துச்சா? வேலை செய்யுது பாத்தியா!"

அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். மறுநாள் ஜெராக்ஸ்காரர் கடையில் இருந்தபோது, வாசல் கதவு திறந்தது என்று ஒரு செய்தியும், வாசல் கதவு மூடியது என்று ஒரு செய்தியும் வந்தன. கதவு சென்சார் நன்றாக வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி அலமாரியைப் பார்த்த பிறகுதான் அந்தச் செய்திகளின் அர்த்தம் புரிந்தது. பதறிப்போய் போன் போட்டார்.

"அக்கா வீட்ல இருக்கேன். இங்கயும் எங்க கடைக்கு ஒரு கிளை இருக்கு, மாத்தல் கேட்டு வாங்கிட்டேன்."

"எப்ப வருவே?"

"ஏன், உங்க கதவு சொல்லலையா?" என்றாள், வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் போன் செய்யவில்லை. பேசுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை என்பதோடு, அவள் எடுக்காமல் விட்டுவிடுவாளோ என்ற பயமும் இருந்தது. வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அடுப்பு சூடாகவில்லை, குளியலறைச் சுவர் நனையவில்லை, செல்போனில் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்த கிராஃப் கோடுகள் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொண்டே அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மனுஷனுக்கு எப்போது புத்தி வரும் என்பதற்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் வந்த புத்தியும் அவருக்குத் தெரிந்த வழியில்தான் வந்தது. வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது. துணிமணி எடுக்கவோ வேறு எதற்கோ ஒருநாள் வருவாள். வந்தால் தன் வழக்கப்படி ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் ஒரு நிமிடமாவது உட்காருவாள். அந்த ஒரு நிமிடம் தனக்குத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது? நாற்காலிக்கு அடியில் எடை சென்சார் வைத்துவிட்டால், அவள் உட்கார்ந்ததும் செய்தி வரும், கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம்.

எடை சென்சாருக்கு ஆர்டர் போட்டார், அது வருவதாக இல்லை. அதுவரை புரோகிராமையாவது தயார் செய்வோமே என்று எங்கிருந்தோ ஒன்றை எடுத்து, வழக்கம்போல ஒரு எழுத்து விடாமல் பிரதி செய்தார். அதன் நடுவே யாரோ எப்போதோ எழுதி வைத்த ஒரு குறிப்பு இருந்தது: சென்சார் கைக்கு வரும்வரை சோதனைக்காக இங்கே ஏதாவது ஒரு எடையைப் போட்டுக்கொள்ளவும், பிறகு மறக்காமல் நீக்கவும். உலகத்தில் புரோகிராம் எழுதுகிற எல்லோரும் இப்படி ஒரு வரி எழுதுவதாகவும், ஒருவரும் இதுவரை அதை நீக்கியதில்லை என்றும் விசாரித்ததில் தெரிகிறது. ஜெராக்ஸ்காரருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எடை ஒன்றுதான். யோசிக்காமல் அறுபத்திரண்டு என்று போட்டு, பலகையில் ஏற்றி, நாற்காலிக் காலில் கட்டிவிட்டுக் கடைக்குப் போனார். நாற்காலியில் ஆள் இருக்கிறார், எடை அறுபத்திரண்டு கிலோ என்று செய்தி வந்தது. வெறும் சோதனை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நிமிடத்துக்கு ஒரு தடவை அதே செய்தி வந்துகொண்டே இருந்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? மத்தியானம் ஹோட்டலில் வாங்கிய சாப்பாட்டைத் திறந்தது திறந்தபடி வைத்துவிட்டு, இரைக்க இரைக்க வீட்டுக்கு ஓடினார்.

நாற்காலியில் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவர் உட்கார்ந்திருந்தார்.

"மீட்டர் வெளியில இருக்குங்களே" என்றார் ஜெராக்ஸ்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"தெரியுங்க. போன தடவையும் நான்தானே எடுத்தேன்."

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

அந்த மனிதர் ஒளிவுமறைவில்லாமல் யோசித்தார். தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"தெரியலைங்க. கால் வந்துருச்சு."

ஜெராக்ஸ்காரர் காலையில் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தார். அது எப்படித் திறந்தது என்று பார்க்கப் பூட்டு ரிப்பேர் செய்பவரைக் கூட்டிவந்தார். அவர் பூட்டைக் கழற்றி மாட்டி, பூட்டில் குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மீட்டர் ரீடிங் எடுப்பவர் அப்போதுதான் எழுந்திருந்தார். இப்படியே ஒருவர் எழுவதும் அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் ஒன்றாக நடந்தது. ஒரு வங்கி கேஷியர், ஒரு பெயின்டர், எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா, வழி தெரியாமல் வந்த ஒரு பயணி என்று வரிசை நீண்டது. மனைவி விட்டுப்போன எடை மெஷினில் ஜெராக்ஸ்காரர் ஒவ்வொருவரையும் ஏற்றி இறக்கினார். கணக்கு பிசகவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மற்ற வீடுகளில் நாற்காலியில் இருப்பதைப் பலகை சொல்லும், இந்த வீட்டில் பலகை சொல்வதை நாற்காலி செய்கிறது.

அறுபத்திரண்டு என்றால் ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று புரோகிராமில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் ஒல்லியான கல்லூரி மாணவி ஒருத்தி புத்தகப் பையோடு வந்தாள், ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்தாள். ஒரு கடையடைப்பு நாளில் தெருவில் ஈ காக்கை இல்லாதபோது, ஒரு சிமெண்ட் மூட்டையும் ஒரு நாயும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. மூட்டை எப்படி வந்தது என்பது நாய்க்குத்தான் வெளிச்சம். முன்பின் தெரியாதவர்கள் ஒரு வீட்டுக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுக்க, போலீஸ் இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். வெறும் ஆளாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார். தொப்பி, பெல்ட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்து கணக்கு நேராகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டுக்காரரை நிற்கவைத்து விசாரித்தார். குற்றம் எதுவும் நடக்கவில்லை, நடந்திருந்தால் தனக்குத் தெரியாமல் போயிருக்காது, ஏனென்றால் அந்த நேரம் முழுக்கத் தான் அங்கேயேதான் இருந்ததாக மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்.

தெரு சீக்கிரமே இதற்குப் பழகிக்கொண்டது. அவசர வேலையாகப் போகிறவர்கள் அந்தத் தெருவில் திரும்பும் முன் எடை பார்த்துக்கொண்டார்கள். ஏடாகூடமாக அறுபத்திரண்டு காட்டினால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டோ, சட்டைப்பையில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டோ கடந்துபோனார்கள். வீட்டில் நிம்மதியாக உட்கார விதியில்லாத ஒரு டாக்ஸி டிரைவர், சோற்றைக் குறைத்து, உடம்பைக் கஷ்டப்பட்டு அந்த எடைக்குக் கொண்டுவந்து, நாற்காலி கூப்பிட்டால் போவதற்குத் தயாராக இருந்தார். பல் டாக்டரம்மாவுக்கு உடம்பு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆகவே அடிக்கடி மாட்டிக்கொண்டார். காத்திருக்கும் நோயாளிகள் ஜன்னலுக்கு வெளியே நின்று வாயைத் திறந்து காட்ட, அவர் உள்ளேயிருந்தபடி எட்டிப்பார்த்து மருந்து சொன்னார். ஜெராக்ஸ்காரர் மட்டும் ஒவ்வொருவரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்பதை விடவில்லை. படித்தவர், படிக்காதவர், இன்ஸ்பெக்டர் என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். கால் வந்துருச்சு.

எடை சென்சார் ஒருவழியாக வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, கூரியர் கம்பெனியில் வேலை செய்பவன். பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்த பெயின்டரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். மாமா நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"அந்த வரியைத் தூக்கிட்டு இந்த சென்சாரை மாட்டிடுங்க மாமா. வேலை முடிஞ்சுது."

"தூக்கிட்டா?"

"தூக்கிட்டா நாற்காலி காலின்னு சரியாக் காட்டும்."

ஜெராக்ஸ்காரர் பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டார். நாற்காலி காலி என்று நிமிடத்துக்கு ஒரு தடவை செய்தி வருவதை அவரால் தாங்க முடியாது. அதைவிட இன்னொன்றும் இருந்தது, அதை மச்சினனிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஊரில் உலகத்தில் இருக்கிற அறுபத்திரண்டு கிலோக்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள் என்றால், அதில் ஒருத்தி அவள். இன்றில்லாவிட்டால் நாளை அவளுக்கும் முறை வரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்ப்பது அதனால்தான். பார்சலைப் பிரிக்காமலே பரணில் வைத்தார்.

ஒரு வருடம் போனது, இன்னொன்றும் போனது. நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. ஒருநாள் மத்தியானம் மச்சினன் வேறு எங்கோ பார்சல் கொடுக்கப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க வந்தான். நாற்காலியில் பல் டாக்டரம்மா இருந்தார். பேச்சுவாக்கில் அவன், "பெரியக்கா சமையல் அக்காவுக்கு நல்லாவே ஒத்துக்கிச்சு மாமா. இப்ப அறுபத்தெட்டு" என்றான்.

ஜெராக்ஸ்காரருக்கு உயிரே போய்விட்ட மாதிரி இருந்தது. அவள் எடை ஏறி எத்தனை நாளாயிற்றோ. நடக்க வாய்ப்பே இல்லாத ஒன்றுக்காகத் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்த மச்சினனுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் அவன் குதித்தான்.

"இதுக்கா மாமா இடிஞ்சு போயிட்டீங்க? அறுபத்திரண்டை அறுபத்தெட்டு ஆக்குங்க! இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு அக்கா இங்க வந்து உக்காரும்!"

இந்த யோசனை தனக்கு வராமல் போனதே என்று ஜெராக்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். லேப்டாப்பைத் திறந்தார், அந்த வரிக்குப் போனார், இரண்டை அழித்துவிட்டு எட்டைத் தட்டினார். இனி பலகையில் ஏற்றுகிற பட்டனை அழுத்த வேண்டியதுதான். விரல் பட்டனுக்கு மேலே நின்றது. பல் டாக்டரம்மாவும் மச்சினனும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ்காரர் திரும்பிப் பல் டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் இந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். ஒரு தடவைகூட இந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று நினைத்து வந்ததில்லை. நாளைக்கு அதே நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருப்பாள். ஏன் வந்தே என்று கேட்டால், மீட்டர் ரீடிங் எடுப்பவர் பார்த்த மாதிரியே தன் காலைக் குனிந்து பார்ப்பாள். அந்தப் பதிலை அவள் வாயிலிருந்து கேட்பதைவிட அவள் வராமலே இருப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது. எட்டை அழித்து, மறுபடியும் இரண்டைப் போட்டார்.

"ஒரு பட்டன் மாமா!" மச்சினனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஒரே ஒரு பட்டன்!"

"வேணாம்பா. அவ கால் மட்டும் வந்து நான் என்ன பண்ண? அவ வரணும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா வரலை" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ்காரர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டரம்மா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

மச்சினன் பார்சலை உரிய இடத்தில் சேர்ப்பவனே தவிர, பேச்சைத் தனக்குள் வைத்துக்கொள்பவன் அல்ல. அன்று நடந்தது முழுவதும், கைக்குட்டை உட்பட, அவன் அக்காவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் மருந்துக்கடைக்கு வழக்கம்போலப் போனாள், வந்தாள், பெரியக்கா பரிமாறியதைச் சாப்பிட்டாள். அடுத்த மாதம் ஒரு சாதாரண வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜெராக்ஸ்காரர் அப்போது கடையில் இருந்தார். எடை அறுபத்திரண்டு கிலோ என்று செல்போன் சொல்லிக்கொண்டிருந்தது, அது எப்போதும் சொல்வதுதான். மற்ற சென்சார்களின் பேட்டரியெல்லாம் தீர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது, அவரும் மாற்றவில்லை. மத்தியானம் தலை வலிக்கிறதே என்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தவர், வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடப்பதைப் பார்த்தார். உள்ளே நாற்காலியில் பல் டாக்டரம்மா நெளிந்துகொண்டிருந்தார். எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு மனைவி நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், அது அவளுக்கு நன்றாக இருந்தது. ஜெராக்ஸ்காரர் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போனார். எத்தனையோ நாள் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்விதான் வந்தது.

"ஏன் வந்தே?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று பகீரென்றது. அவர் கண் தன்னையறியாமல் அவள் காலுக்குப் போனது. அவள் காலைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தாள்.

"ஏன் வந்தேனா? கேக்குறீங்களா இப்பவாவது? என் எடையை ஊருக்கே தண்டோரா போட்டு வெச்சிருக்கீங்களே, அதைக் கேக்க வந்தேன். என் நாற்காலியில போலீஸ்காரரெல்லாம் உக்காந்தாராமே, அதைக் கேக்க வந்தேன். நீங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டரம்மா, உங்களைச் சொல்லலை. அன்னைக்கு ஃபிரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு நான் அழுதுட்டு இருந்தேன், தெரியுமா உங்களுக்கு? எதுக்கு அழுதேன்னாவது தெரியுமா? அதைச் சொல்லணும்னு வந்தேன். அக்கா வீட்ல என்னை உக்காரவெச்சு சோறு போடுறாங்க, ஒரு வேலை செய்ய விடமாட்டேங்கிறாங்க, விருந்தாளி மாதிரி எவ்வளவு நாள்தான் இருக்கிறது? அப்புறம்..." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பட்டனை அழுத்தலையாமே. தம்பி சொன்னான். அழுத்தியிருந்தீங்கன்னா இந்த ஜென்மத்துல உங்க முகத்துல முழிச்சிருக்க மாட்டேன்."

ஜெராக்ஸ்காரர் சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் வந்தவர்களில், ஏன் வந்தோம் என்று தெரிந்து வந்தவள் இவள் ஒருத்திதான். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எதுக்கு அழுதே?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். முதலாளி திட்டியதிலிருந்து ஆரம்பித்தவள், கல்யாணமான புதிதில் நடந்தது வரைக்கும் பின்னால் போய்விட்டாள். எங்கேயாவது நிறுத்தினால் அவர், "அப்புறம்?" என்றார். நடுவில் பல் டாக்டரம்மாவின் நேரம் முடிந்தது. மீதியைக் கேட்க முடியாமல் போகிறதே என்ற வருத்தத்தோடு அவர் எழுந்து போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பிளம்பர் உள்ளே வந்தார், எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், தன் பாட்டுக்கு உட்கார்ந்தார். மனைவி பேச்சை நிறுத்தாமலே சமையலறைக்குள் போய், ஒரு தட்டில் பீன்ஸையும் கத்தியையும் கொண்டுவந்து பிளம்பர் மடியில் வைத்தாள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார் என்றாள். பிளம்பர் மறுபேச்சுப் பேசாமல் நறுக்க ஆரம்பித்தார்.

அந்த வரியை நீக்கிவிடட்டுமா என்று சில நாள் கழித்து ஜெராக்ஸ்காரர் அவளிடம் கேட்டார். இருந்துவிட்டுப் போகட்டும், வீடென்றால் நாலு பேர் வந்துபோனால்தான் நன்றாயிருக்கும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவள் பழைய கடைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டாள். காலையில் வருகிறவர்களுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை இருக்கிறது, மத்தியானம் வருகிறவர்கள் துவைத்த துணியை மடித்து வைக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் இஸ்திரி போடுவார், சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவள் மட்டும் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஜெராக்ஸ்காரர் அவள் எதிரே உட்கார்ந்து, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார். அவள் ஒன்று விடாமல் சொல்கிறாள். அந்த நேரத்தில் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவரும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறார்.